சீரக நட்சத்திரம்

பக்கத்துல வந்து உக்காந்தது யாரு? வளையல் சத்தம் கேட்டுச்சு, பொம்பளதானே? நல்லதாப் போச்சு. எனக்குக் கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. சொட்டு விட்டிருக்காங்க. கண்ணு பாப்பா நல்லா விரியுற வரைக்கும் மூடிக்கிட்டே உக்காந்திருக்கணுமாம். வாயை மூடச் சொல்லல.

உங்களுக்கும் சொட்டா? ஓ, வீட்டுக்காரருக்கா. உள்ள பாத்துக்கிட்டிருக்காங்களா? அப்ப வர நேரமாகும், சாஞ்சு உக்காருங்க. எந்த ஊரு? உசிலம்பட்டியா, சரி சரி. எனக்கு ராஜபாளையம். பேரு மங்கையர்க்கரசி. அரசி ஸ்டூடியோன்னு ஒண்ணு இருந்துச்சு எங்க ஊருல, அந்த அரசி நான்தான்.

எனக்குக் கண்ணுல பெருசா ஒரு கோளாறும் கிடையாது. மொதல்லயே சொல்லிடுறேன். இங்க வந்து உக்காந்திருக்கேன்னா அதுக்கு ஒரே ஒரு ஆளுதான் காரணம். ஒரு மாட்டு டாக்டரு. ஏன் சிரிக்கிறீங்க? நெசமாவே மாட்டு டாக்டருதான். அரசாங்க ஆஸ்பத்திரியில இருந்து ரிட்டயர் ஆனவரு. தனுஷ்கோடின்னு பேரு. அந்த மனுஷன் எனக்குப் பண்ணின காரியத்தச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரரு படம் எடுப்பாரு. டச்சப் பூரா என் வேலை. மூஞ்சியில இருக்கிற மரு, அம்மைத் தழும்பு, முந்தின நாள் அழுத கண்ணு வீக்கம், எல்லாத்தையும் நெகட்டிவ்லயே பென்சில் முனையால ஒத்தி ஒத்தி எடுத்துருவேன். எங்க ஊருல பாதிக் கல்யாணம் என் பென்சில்ல நிச்சயமானதுதான். மாப்ள வீட்டுக்காரங்க பொண்ண நேர்ல பாத்துட்டு, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே"ன்னு முழிப்பாங்க. நான் என்ன செய்ய? எதுக்குச் சொல்றேன்னா, என் கண்ணு அப்படி. கடுகு தரைல விழுந்தா எந்தப் பக்கம் உருண்டுச்சுன்னு சொல்லுவேன்.

அவரு போனப்புறம் ஸ்டூடியோவ மூடிட்டேன். பையன் பெங்களூர்ல இருக்கான். "இங்க வந்துரும்மா, வந்துரும்மா"ன்னு ஒரே நச்சரிப்பு. எட்டாவது மாடில உக்காந்துகிட்டு நான் யாரோட சண்ட போட? மாட்டேன்னுட்டேன். பொழுது போகட்டும்னு அவனே ஒரு டெலஸ்கோப் வாங்கி அனுப்புனான். நீளமா வெள்ளைக் குழாய், முன்னால லென்ஸ். அம்மா லென்ஸோடவே குடித்தனம் பண்ணினவ, அவளுக்கு இதுதான் சரின்னு நெனச்சிருக்கான். நல்ல பிள்ளை.

ஊருல வானம் பாக்குற வட்டம்னு ஒண்ணு உண்டு. ஜெபமணின்னு ஒரு தம்பி, பள்ளிக்கூடத்து எதிர்ல பேனா பென்சில் கடை வச்சிருக்காரு, அவருதான் செயலாளரு. சனிக்கிழமை இருட்டத் தொடங்குனதும் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில கூடுவாங்க. நான் என் குழாயத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். வரிசையில நின்னு நிலாவப் பாத்தாங்க. "அக்கா, குழி குழியாத் தெரியுதுக்கா!"ன்னு ஜெபமணி குதிச்சாரு.

அப்ப ஒருத்தரு வந்து பாத்தாரு. ஒசரமா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. நல்லா நேரம் எடுத்துப் பாத்துட்டு நிமிந்து, எல்லாரும் இருக்கும்போது, சத்தமா, "அரசியம்மா, நிலாவுக்கு ஊதா பார்டர் வச்சுச் சேலை கட்டி விட்டிருக்கீங்களே"ன்னாரு.

அதான் தனுஷ்கோடி. மொத வார்த்தையே குத்தம்.

இருந்துச்சுதான். நிலா ஓரத்துல லேசா ஒரு ஊதாக் கோடு. நான் பாக்காமலா இருப்பேன்? அழகாத்தான் இருந்துச்சு. அவரு விடல, விளக்கமும் குடுத்தாரு. லென்ஸ் வெளிச்சத்த வளைக்கும்போது செவப்ப ஒரு எடத்துல கொண்டுபோய்ச் சேக்குமாம், நீலத்த இன்னொரு எடத்துல சேக்குமாம். ஒண்ண சரியா வச்சா இன்னொண்ணு பிசிறடிக்குமாம். "கண்ணாடில அந்தத் தொல்ல கெடையாதும்மா. மூஞ்சி பாக்குற கண்ணாடி இருக்கில்ல, அது எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி திருப்பி விட்டுரும். நான் அப்படி ஒண்ணு தேய்ச்சுக்கிட்டிருக்கேன். அடியில குழியாக் கண்ணாடி வச்ச டெலஸ்கோப்பு"ன்னாரு.

"குழியாவா? சவரம் பண்ற கண்ணாடி மாதிரியா?"ன்னேன்.

சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அன்னையில இருந்து அதுக்கு சவரக் கண்ணாடின்னே பேரு நின்னுபோச்சு. நான் வச்ச பேரு. சும்மா விடுவேனா?

எனக்கும் அவருக்கும் அங்க ஆரம்பிச்சுது. அவரு மாசக் கணக்கா அந்தக் கண்ணாடியத் தேய்ச்சாரும்மா. ஒரு கண்ணாடி மேல இன்னொரு கண்ணாடிய வச்சு, நடுவுல மணல் மாதிரி பொடியப் போட்டு, தேய்க்கிறது, திருப்புறது, தேய்க்கிறது, திருப்புறது. பொண்டாட்டி தவறி நாளாச்சு, மக சென்னையில. கேக்க ஆளில்லாத வீடு, தேய்ச்சுக்கிட்டே இருக்காரு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து என் குழாயில பாத்துட்டு, "இன்னைக்கு வெள்ளி கிரகத்துக்குப் பச்சை ஜாக்கெட்டா?"ன்னு ஏதாவது சொல்லிட்டுப் போவாரு. நான் வீட்டுக்கு வந்து பொருமுவேன். அடுத்த சனிக்கிழமை என்ன பதில் சொல்லலாம்னு செவ்வாக்கிழமையில இருந்தே யோசிப்பேன். அவ்வளவு எரிச்சல்.

ஒருவழியா அவருது தயாராச்சு. அண்டா மாதிரி பெரிய குழாய். கூட்டமே அதுபக்கம் போயிருச்சு. என் குழாய சீந்துவாரில்ல. நானும் போய்ப் பாத்தேன். எதுக்குப் பாத்தேன்னா, எங்கயாவது ஒரு மரு இருக்கும்ல?

இருந்துச்சு! நடுவுல இருக்கிற நட்சத்திரமெல்லாம் புள்ளி புள்ளியா சுத்தமா இருக்கு. ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வொண்ணுக்கும் வால் மொளைச்சிருக்கு. தலைப்பிரட்டை பாத்திருக்கீங்கல்ல, குளத்துல? அதே மாதிரி. எல்லாம் வாலை வெளிப்பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது.

"டாக்டர், இது என்ன வானமா, தவளைக் குட்டையா?"ன்னு கேட்டேன்.

அந்த மனுஷன் கோவப்படணுமா இல்லையா? படல. "குழிக் கண்ணாடிக்கு அது பிறவிக் குணம்மா. நேரா வர்ற வெளிச்சத்த ஒழுங்காச் சேக்கும், சாஞ்சு வர்றத இப்படித்தான் இழுத்து விட்டுரும். நடுவுல வச்சுப் பாக்கணும்"னாரு. பிறவிக் குணமாம். என் லென்ஸ் பண்ணினா அது கோளாறு, அவரு கண்ணாடி பண்ணினா பிறவிக் குணம். கேட்டீங்களா நியாயத்த?

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. தப்பா நெனைக்காதீங்க, நான் ஒரு பொய்யும் சொல்லல.

ஜெபமணிக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசை. ஒரு வால் நட்சத்திரத்தக் கண்டுபிடிக்கணும், அதுக்குத் தன் பேரை வைக்கணும். அன்னைக்கு டாக்டரு கீழ காபி குடிக்கப் போயிருந்தாரு. நான் அந்த அண்டாவுல ஒரு நட்சத்திரத்தப் பிடிச்சேன். வானம்தான் நகந்துக்கிட்டே இருக்கே, கொஞ்ச நேரம் சும்மா இருந்தா அது தானா ஓரத்துக்குப் போயிரும். போனதும் கூப்பிட்டேன். "தம்பி, இதுக்கு வால் இருக்கா பாருங்க."

அவ்வளவுதான் நான் கேட்டது. இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னது அவரு.

"அக்கா! அக்கா!"ன்னு ஒரு சத்தம் பாருங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு எங்கிட்டச் சொல்லிட்டு அவரே ஊரு முழுக்கச் சொன்னாரு. அடுத்த சனிக்கிழமை மாடிக்குப் போறேன், படிக்கட்டுல ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கு. ஜெபமணி கூலிங் கிளாஸ் போட்டு வானத்தக் காட்டுறாரு. "வால் நட்சத்திர நாயகன்". கைத்தறிக் கடைக்காரரு ஒருத்தரு பொன்னாடையோட வந்திருக்காரு.

டாக்டரு அந்த நட்சத்திரத்தத் தேடிப் பிடிச்சாரு. ஜெபமணிய ஓரமாக் கூப்பிட்டு, மெதுவா, "தம்பி, ஓரத்துல பாருங்க, வால் வலது பக்கம் இருக்கா? இப்ப நடுவுல வைக்கிறேன், வால் எங்க? இப்ப அந்த ஓரத்துக்குத் தள்ளுறேன், வால் எந்தப் பக்கம்?"னு கேட்டாரு. வால் இடது பக்கம் போயிருச்சு. ஜெபமணி மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. அப்புறம் அவரே சிரிச்சுட்டாரு, நல்ல மனசு. பொன்னாடைய வீணாக்க வேண்டாம்னு டாக்டருக்கே போத்துனாங்க. டாக்டரு அதை எடுத்து என் தோள்ல போட்டுட்டு, "கண்டுபிடிச்சவங்க இவங்கதான்"னாரு. மாடியே சிரிச்சுது. அதிகமாச் சிரிச்சது அவருதான். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. தன் கண்ணாடிய நான் இவ்வளவு கேவலப்படுத்தியும் ஒரு மனுஷன் அப்படிச் சிரிச்சா நமக்கு எவ்வளவு எரிச்சலா இருக்கும்? அந்தப் பொன்னாடை இன்னும் என் பீரோவுலதான் இருக்கு. தூக்கிப் போட நேரமில்ல.

சிஸ்டர்! இன்னொரு சொட்டா? விடு, விடு. குளுகுளுன்னு இருக்கு. ...போயிருச்சா? சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமை. அவரு கண்ணாடில நடு மத்தியில ஒரு நட்சத்திரத்த வச்சிருந்தாரு. நல்ல பிரகாசமானது. எல்லாரும் பாத்துட்டு ஆகா ஊகான்னாங்க. நான் பாத்தேன். புள்ளியா இல்ல. நீளமா இருக்கு. ரெண்டு பக்கமும் கூரா, நடுவுல கொஞ்சம் தடிச்சு, சீரகம் மாதிரி. ஓரத்துல இருந்தா பிறவிக் குணம்னு சொல்லலாம். நடுவுல இருக்கிறதுக்கு என்ன சொல்லுவாரு?

"டாக்டர், நட்சத்திரம் சீரகமாட்டம் இருக்கு"ன்னேன்.

ஜெபமணி வந்து பாத்துட்டு, "இல்லக்கா, உருண்டையாத்தான் இருக்கு"ன்னாரு. வேற ரெண்டு பேரு பாத்தாங்க. உருண்டைங்கிறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நான் நெகட்டிவ்ல மசுரளவு கோட்ட எடுத்தவ. உங்களுக்கெல்லாம் கண்ணா அது, புண்ணா?"ன்னு கத்திட்டேன்.

டாக்டரு அவரே பாத்தாரு. அப்புறம், "அரசியம்மா, மறுபடி பாருங்க. பாத்துக்கிட்டே தலைய மட்டும் தோள் பக்கமாச் சாயுங்க"ன்னாரு.

"எதுக்கு?"

"சும்மா."

சாஞ்சேன்.

"இப்பச் சீரகம் எப்படிப் படுத்திருக்கு?"

"அதுவும் சாஞ்சிருக்கு"ன்னேன்.

"அந்தப் பக்கம் சாயுங்க."

"அதுவும் அந்தப் பக்கம் சாயுது. பாத்தீங்களா, ஒரு நெலையில நிக்கல. அவ்வளவு மோசமாத் தேய்ச்சு வச்சிருக்கீங்க."

டாக்டரு தாடையத் தடவிக்கிட்டு நின்னாரு. அப்புறம் சொன்னாரும்மா, எல்லாரு முன்னாலயும், "அம்மா சொல்றது சரிதான். கண்ணாடியில கோணல் இருக்கு. கழட்டி மறுபடி தேய்க்கணும்."

ஜெயிச்சுட்டேன்! வீட்டுக்குப் போய் பாயசம் வச்சு தெருவுக்கே குடுத்தேன். அவருக்கும் ஒரு தூக்குல அனுப்புனேன். தோத்தவருக்குக் குடுக்காம இருந்தா நல்லா இருக்காதுல்ல?

மறுநாளே அவரு தேய்க்க உக்காந்துட்டாரு. குத்தம் சொன்னவ போய்ப் பாக்க வேண்டாமா, சரியாத் தேய்க்கிறாரான்னு? போனேன். தினமும் சாயங்காலம் போனேன். வெறும் வயித்துல தேய்ச்சா கை நடுங்கும், நடுங்குனா கண்ணாடி கெட்டுப் போகும், அதனால போகும்போது ஏதாவது பலகாரம் கொண்டு போவேன். அவருக்கு இனிப்புப் பணியாரம்னா உயிரு. கண்ணாடிக்காகத்தான் செஞ்சது.

அவரும் எனக்கு எல்லாம் காட்டுனாரு. கண்ணாடிய நிக்க வச்சு, எதிர்ல சின்னதா ஒரு வெளக்கு, சவர பிளேடு ஒண்ணு. பிளேடு ஓரத்தால வெளிச்சத்த மெல்ல மறைச்சா கண்ணாடி மேல நெழல் விழும். அந்த நெழலப் பாத்தே எங்க மேடு எங்க பள்ளம்னு சொல்லிரலாமாம். கிண்ணம் மாதிரி ஒரே உருண்டையாத் தேய்ச்சாலும் பத்தாதாம். அப்படி இருந்தா ஓரத்துல விழுற வெளிச்சம் முந்திப் போய்ச் சேரும், நடுவுல விழுறது பிந்திச் சேரும், ரெண்டும் ஒத்துப் போகாது. நடுவுல இன்னும் துளியூண்டு ஆழம் வேணும்பாரு. அந்தத் துளியூண்டுக்குத்தான் அத்தனை நாள் தேய்ப்பு. சொல்லும்போது கொரல் ரொம்ப மெதுவா இருக்கும். மாடு மெரளக் கூடாதுன்னு பேசிப் பேசி அப்படி ஆயிருச்சு போல.

ஆனா நடுநடுவுல சம்பந்தமில்லாம எதையாவது கேப்பாரு. "அந்த வேப்ப மரத்துல எத்தனை காக்கா இருக்கு அரசியம்மா?" நான் எண்ணிச் சொல்லுவேன். "தெரு லைட்டச் சுத்தி வளையம் ஏதாவது தெரியுதா?" தெரியத்தான் செய்யுது, எல்லாருக்கும் தெரியும்தானே? ஒரு நாள் நான் பேசிக்கிட்டே இருக்கும்போது என் தாடையப் பிடிச்சு வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கண்ணுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாரு. "நான் என்ன மாடா?"ன்னு கையத் தட்டி விட்டேன். "மன்னிச்சுருங்க, பழக்கதோஷம்"னாரு. அப்புறம், "டவுன்ல கண்ணு டாக்டரு ஒருத்தரு நல்லாப் பாக்குறாராம்"னு காத்துல சொல்ற மாதிரி சொன்னாரு. யாருக்கோ சொல்றாருன்னு விட்டுட்டேன்.

சனிக்கிழமைகள்ல அண்டா இல்ல. "இன்னும் தேய்ச்சு முடியலக்கா"ன்னு ஜெபமணி கையப் பெசஞ்சுக்கிட்டுச் சொல்லுவாரு. எல்லாரும் பழையபடி என் குழாயில பாத்தாங்க. ஊதா பார்டரப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல.

இப்பக் கேளுங்க. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே மண்டபத்துல ஒரு வளைகாப்பு. போயிருந்தேன். சந்தனம் பூசிட்டு, சாப்பிட்டுட்டு, கை கழுவப் போனா மேல பேச்சுச் சத்தம் கேக்குது. தெரிஞ்ச கொரலா இருக்கு. படியேறிப் போய்ப் பாத்தா, ஜெபமணி, கைத்தறிக் கடைக்காரரு, மொத்த வட்டமும் நிக்குது. நடுவுல அந்த அண்டா! பக்கத்துல டாக்டரு! "வளையம் எவ்வளவு துல்லியமா இருக்கு!"ன்னு ஒருத்தரு சொல்லிக்கிட்டிருக்காரு. சனிக் கிரகத்தப் பாத்துக்கிட்டிருக்காங்க.

என்னப் பாத்ததும் ஜெபமணி கையில இருந்த டம்ளரைக் கீழ போட்டுட்டாரு.

சேலைத் தலைப்ப இழுத்துச் சொருகிட்டு நேரா வரிசையில போய் நின்னேன். முன்னால நின்ன ரெண்டு பேரு விலகிட்டாங்க. "ஒரு நட்சத்திரத்த வைங்க"ன்னேன். வச்சாரு. பாத்தேன். சீரகம். அப்படியே இருக்கு.

"இவ்வளவு நாள் தேய்ச்சும் சரியாகலையே டாக்டர்"னேன்.

டாக்டரு திரும்பி, "கீழ பாயசம் ஆறிப் போகும், எல்லாரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க"ன்னாரு. அழைப்பே இல்லாத விசேஷத்துக்கு அத்தனை பேரும் இறங்கி ஓடுனாங்க. மாடியில நாங்க ரெண்டு பேருதான்.

அவரு குனிஞ்சு அடியில திருகெல்லாம் தளத்தி, கண்ணாடியக் கால் வட்டம் திருப்பி வச்சாரு. "இப்பப் பாருங்க. கண்ணாடில கோணல் இருந்தா சீரகமும் திரும்பியிருக்கணும்."

திரும்பல.

"கண்ணு வைக்கிற இந்த வில்லையையும் திருப்புறேன். இப்ப?"

அப்படியேதான் இருந்துச்சு.

"தலையச் சாயுங்க."

சாஞ்சேன். சீரகமும் சாஞ்சுது.

எனக்குப் புரிஞ்சு போச்சும்மா. யாரும் சொல்ல வேண்டியதில்ல. என்னோட சேந்து சாயுதுன்னா அது எங்கிட்டதானே இருக்கு? இருந்தாலும் விடாம, "என் குழாயில அப்படித் தெரியலையே"ன்னேன். "உங்களோடதுல வெளிச்சம் ஊசி மாதிரி மெல்லிசா வருதும்மா. கண்ணுக்கு நடுவுல மட்டும் பூந்து போயிரும். இது பெருசு. பாப்பா முழுக்க நெறஞ்சு வருது, அதனால உள்ள இருக்கிற கோணல் எல்லாம் வெளிய தெரியுது. கோணல் மட்டும்னா ஒரு மூக்குக் கண்ணாடி போட்டாப் போதும். டார்ச் அடிச்சுப் பாத்தப்ப உள்ள வெள்ளையாவும் தெரிஞ்சுது. புரை விழுந்திருக்கு"ன்னாரு.

அங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்துச்சு, அதுல உக்காந்தேன். ஊருல இருக்கிற அத்தனை மூஞ்சியிலயும் குறையக் கண்டுபிடிச்ச கண்ணு. இது போச்சுன்னா நான் யாரு? பையன் வந்து பொட்டிய எடுத்துக்கிட்டு எட்டாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருவான். அதெல்லாம் ஒரு நொடியில மனசுல ஓடுச்சு. அழல. கொஞ்சம் தூசி விழுந்துச்சு.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"கண்ணாடில குறைன்னா கழட்டி வச்சிரலாம். அது வருத்தப்படாது"ன்னாரு.

"அப்ப இத்தனை நாள் எதத் தேய்ச்சீங்க? நானே பக்கத்துல உக்காந்து பாத்தேனே!"

"அது வேற கண்ணாடி. புதுசு. நீங்க வந்து உக்காந்தீங்க, ஏதாவது தேய்க்கணுமே."

பாத்தீங்களா! எத்தனை பணியாரம்! அது அதே கண்ணாடிதானான்னு நானும் உத்துப் பாக்கல, அவ்வளவு நம்பிட்டேன். வட்டம் பூராவுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாம வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூடியிருக்காங்க. நான் அவருகூடப் பேசறத நிறுத்திட்டேன். சனிக்கிழமை போகல. அவரு வாசல்ல வந்து நின்னப்ப ரேடியோவ சத்தமா வச்சேன். என்ன கொடுமைன்னா, சண்ட போட ஆளில்லாம எனக்குத் தூக்கமே வரல.

ரெண்டு மூணு வாரம் கழிச்சு அவரே கதவத் தட்டுனாரு. "மதுரைக்கு நாளைக்குக் காலையில பஸ். கண்ணாஸ்பத்திரியில பேசிட்டேன். சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க"ன்னாரு.

"யாரு பயந்தது?"ன்னேன். பயந்துதான் போயிருந்தேன், உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. கண்ணுக்குள்ள கத்தி வைப்பாங்கல்ல? ஆனா அவரு முன்னால காட்டிக்க முடியுமா? அதனால ஒரு நிபந்தனை போட்டேன். "நான் கண்ணக் காட்டணும்னா நீங்களும் காட்டணும். உங்க கண்ணு மட்டும் சொக்கத் தங்கமா? மாட்டையே பாத்துப் பாத்து என்ன ஆகியிருக்கோ?" அவருக்கு அப்படியே மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஊருக்கே ஊசி போட்டவரு, தனக்குன்னா நடுங்குறாரு! பஸ்ல வரும்போது கம்பியப் பிடிச்ச பிடிய விடல. நான்தான் வழியெல்லாம் பேச்சுக் குடுத்துக்கிட்டு வந்தேன். இந்த மயில் கழுத்துப் பச்சைச் சேலை நல்லா இருக்குன்னு அவரு ஒரு தடவை சொன்னாரு. அதுக்காகக் கட்டல, இது கசங்காது.

அந்தப் புதுக் கண்ணாடியா? தேய்ச்சு முடிச்சுட்டாரு. எனக்குத்தானாம். ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்சதும் அதுல மொதல்ல நான்தான் பாக்கணுமாம். சவரக் கண்ணாடிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய, வேண்டாம்னுட்டேன். மாடியில பழைய சாமானெல்லாம் ஒதுக்கி எடம் பண்ணி வச்சிருக்கேன், மழை பேஞ்சா நனையாம இருக்கும். நான் பாக்கப் போறதே வால் எங்க இருக்குன்னுதான்.

யாரு, சிஸ்டரா? விரிஞ்சிருச்சா? தொறக்கவா? அடேயப்பா, ஒரே வெளிச்சமா இருக்கு! லைட்டுக்கெல்லாம் முள்ளு மொளைச்சிருக்கு. நீ எங்கம்மா நிக்கிற? ம், மஞ்சளா ஏதோ தெரியுது.

என்ன? கூட வந்தவங்களா? வந்திருக்காருல்ல, தனுஷ்கோடின்னு ஒருத்தரு. அவரைக் கூப்பிடு, அவரு கையப் பிடிச்சுக்கிட்டு வர்றேன். ...அவரு அடுத்த அறையிலயா? அவருக்கும் சொட்டு விட்டாச்சா? அவருக்கும் ஒண்ணும் தெரியலையா? நான்தான் சொன்னேனே, அவருக்கும் இருக்கும்னு! சரி, அவருகூட வந்தவங்கன்னு யாரு பேரைக் குடுத்திருக்காரு?

என் பேரையா?

கேட்டீங்களா உசிலம்பட்டிக்காரம்மா? எனக்குத் துணை அவரு, அவருக்குத் துணை நான். ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியல. இதுல ஒருத்தரு படிச்ச டாக்டரு.

என்ன கேக்குற சிஸ்டரு? அவரு எனக்கு என்ன வேணுமா? அதெல்லாம் இப்ப எதுக்கு? அவரைக் கூட்டிட்டு வா, அவரு கைய எடுத்து என் கையில குடு. போதும். படி இருக்குல்ல, விழுந்தா சேந்தே விழுந்துக்கிறோம். எங்க, இந்தப் பக்கமா? ...யாரு கை இது, இவ்வளவு நடுங்குது? டாக்டரா? சரி, விடாதீங்க. நான் பிடிச்சிருக்கேன்.